ஊர்வலவியல்: புதுக்கோட்டையை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

தெருவில் ஒருவர் நடந்தால் அது நடை. நான்கு பேர் சேர்ந்து நடந்தால் வம்பு. அந்த நால்வருக்கு முன்னால் ஒரு மேளம் நடந்தால் ஊர்வலம். நகர்ந்தும் நகராமலும் நிற்கும் பேருந்துகளின் சன்னலோரத்தில் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்து கண்டடைந்த இலக்கணம் இது.

ஊர்வலவியலின் மூல நூல் 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டம், பிரிவு 30. ஊர்வலத்துக்கு உரிமம் கேட்கச் சொல்லலாம், போகும் வழியை வகுக்கலாம், திருவிழாவில் தெருவில் எவ்வளவு இசை ஒலிக்கலாம் என்று வரம்பு கட்டலாம் என்கிறது அது. உரிமத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. இலவசமாகக் கிடைப்பதாலோ என்னவோ, பலருக்கு அதை வாங்கும் ஆவல் வருவதில்லை. சட்டம் பிறந்தபோது புதுக்கோட்டை தொண்டைமான் சமஸ்தானம். 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணையும்வரை, அதாவது 87 ஆண்டுகள், சட்டம் எல்லையில் நின்று மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது என்பது என் துணிபு.

சிக்கல் உரிமத்துக்கு மனு எழுதும்போது தொடங்குகிறது. முதலில் ஊர்வலத்தின் பெயர். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்து ஊர்களில் 'மது எடுப்பு' என்று ஒரு திருவிழா. குடத்தில் நெல், அதன்மேல் தென்னம்பாளை. பெண்கள் தலையில் சுமந்து வருவார்கள். குடத்தில் ஒரு சொட்டும் கிடையாது. ஆனால் நேற்றுத்தான் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி, "மது எடுப்பு ஊர்வலம், பெண்கள் மட்டும்" என்று மனுவில் படித்தால் அவர் முகம் போகும் போக்கைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

அடுத்தது ஆயுதம். அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையைத் தருகிறது. காவல் தெய்வம் கருப்பரோ அரிவாள் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். அந்த அரிவாள் சாமியின் உடைமையா, சாமியாடியின் உடைமையா? சாமி இறங்கிய பிறகு கேட்டால் சாமியாடிக்கே தெரியாது.

எண்ணிக்கை இன்னும் வில்லங்கம். ஒரே ஊர்வலம் மனுவில் இருநூறு பேர், சுவரொட்டியில் அலைகடல், வழக்குப் பதிவில் 'மற்றும் பலர்'. உண்மைக் கணக்கு சாப்பாடு போட்டவரிடம் இருக்கிறது. அவரை இதுவரை எந்த விசாரணையிலும் சாட்சியாக அழைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

வழித்தடத்தில்தான் இந்த ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. சாமி வீதிகளை வலமாகத்தான் சுற்றும். வலம் என்றால் நான்கு முனையிலும் வலப்பக்கத் திருப்பம். இடப்பக்கமாக வண்டி ஓட்டும் நாட்டில் எதிரே வருகிறவனை மறித்தே வலப்பக்கம் திரும்ப முடியும். ஆக, ஒரு சுற்றுக்கு நான்கு முறை சாமி போக்குவரத்தை மறித்தாக வேண்டும். ஆகமத்தில் இதற்கு மாற்றுப்பாதை சொல்லப்படவில்லை. நல்லவேளை, பொதுத்தெருவில் கூடுவதை ஒழுங்குபடுத்தலாமே தவிர அடியோடு மறுக்கும் கட்டற்ற அதிகாரம் காவல்துறைக்கு இல்லை என்று 1972-இல் ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது ஒரு பொதுக்கூட்ட வழக்கு. சாமி அதில் வாதி அல்ல.

எழுதாத விதிகள் இதைவிடக் கறார். மேளக்காரருக்கு ரூபாய் நோட்டுக் குத்துகிற வீட்டு வாசலில் மேளம் நெடுநேரம் நிற்கும். துக்கம் நடந்த வீட்டைக் கடக்கும்போது யாரும் சொல்லாமலே மேளம் ஓயும். அந்தப் பத்தடி தூரம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். இதற்கு உட்பிரிவு கிடையாது, மீறியவரையும் நான் கண்டதில்லை.

வகைப்பாட்டுக்குள் அடங்காத ஓர் ஊர்வலத்தையும் குறித்தாக வேண்டும். 1992 மகளிர் தினத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கம் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த காலம், 1,500 பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்தபடி புதுக்கோட்டை நகரை வலம்வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். மேளம் இல்லாததால் என் இலக்கணப்படி அது ஊர்வலமே ஆகாது. மணியை இசை என்று கொண்டால் பிரிவு 30 பொருந்தும். எச்சரிக்கை என்று கொண்டால் வெறும் போக்குவரத்து. ஆயிரத்து ஐந்நூறு மணி ஒரே நேரத்தில் எதை எச்சரித்தது என்று அன்று நடைபாதையில் ஒதுங்கி நின்ற ஆண்களைத்தான் கேட்க வேண்டும்.