புகைக்கு ஒரு வழி

கேள்வி (வாசகி, கட்டுகஸ்தோட்டை): நோர்வேயில் மகள் வீட்டில் விறகு எரித்துத்தான் குளிர் காய்கிறார்களாம். படிக்க வைத்து, கடல் கடந்து அனுப்பியது மறுபடியும் விறகு அடுக்கவா?

பதில்: கவலையை விடுங்கள் அம்மா. நம் குசினியில் கண்ணைக் கசக்க வைக்கும் அடுப்பல்ல அது. வார்ப்பிரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, கூரையைத் தாண்டிப் போகும் குழாய். விறகுப் புகைக்குள் எரியக்கூடிய வாயு நிறைய உண்டு. மேல்பக்கமாகச் சூடான காற்றைக் கொடுத்து அந்தப் புகையையும் உள்ளேயே எரித்துவிடுகிறார்கள். 1998 முதல் அங்கே புதிதாக வைக்கும் அடுப்பெல்லாம் இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். பனிக்காலத்தில் மின்சாரம் நின்றால் வீட்டைக் காப்பதும் அதுதான். ஒன்றை மட்டும் மகளிடம் கேளுங்கள்: விறகு நன்றாகக் காய்ந்ததா? ஈர விறகு எரித்தால் குழாய்க்குள் தார் படியும். படிந்த தார் ஒருநாள் தீப்பிடிக்கும்.

கேள்வி (வாசகர், அஸ்கிரிய): கண்டியில் கட்டும் புது வீட்டுக்குக் குளிர்காயும் விறகு அடுப்பு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். கண்டி ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். தை மாத விடியற்காலைக் குளிரும் ஒரு கம்பளிக்குள் அடங்கிவிடும். 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் வீடு கட்டினால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி (ஆசிரியை, ஹந்தானை): பிள்ளைகளை லூல்கந்துர தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறேன். அங்கே நிற்கும் பழைய புகைபோக்கியைப் பற்றி என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

பதில்: ஜேம்ஸ் டெய்லர் வாழ்ந்த மரக் குடிலில் மிஞ்சியது அது. ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் பதினாறு வயதில் வந்தவர், 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கொழுந்தை பங்களா விறாந்தையில் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி மூட்டி, கம்பி வலைத் தட்டில் பரப்பிக் காய வைத்தார். நம் நாட்டுத் தேயிலைத் தொழில் ஒரு வீட்டு நெருப்பில் பிறந்தது! 1892இல் இறந்தவரின் கல்லறை கண்டி மஹியாவையில் இருக்கிறது, அதையும் காட்டுங்கள்.

கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள் டீச்சர். துரைமார் பங்களாக்களில் குளிர்காயும் அடுப்புக்குக்கூடப் புகைபோக்கி வைத்துக் கட்டினார்கள். கொழுந்தெடுத்தவர்களுக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்தான். கூரைத் தகரத்தின் உட்பக்கத்தை விரலால் தொட்டால் கரி அப்பிக்கொள்ளும் லயங்கள் இன்றும் உண்டு. தேயிலைக்குக் காட்டும் சூட்டை அவ்வளவு கவனமாக அளந்தவர்கள், அதைப் பறித்த பெண்ணின் நெஞ்சுக்குள் எவ்வளவு புகை போகிறதென்று பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிள்ளைகளுக்கும் அது தெரியட்டும்.

கேள்வி (வாசகி, கம்பளை): 2022இல் கேஸ் வரிசையில் நின்று அலுத்துப்போய் விறகுக்குத் திரும்பினோம். இப்போதும் பாதிச் சமையல் அதில்தான். அம்மா இருமுகிறார். என்ன செய்ய?

பதில்: முதலில் மூன்று கல் அடுப்பாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். ‘அனகி’ என்ற களிமண் அடுப்பை வாங்குங்கள். விறகு வைக்க ஒரே வாய். பானை வைக்க இரண்டு இடம். முதல் பானைக்குப் போக மிஞ்சும் சூட்டில் இரண்டாவதில் பருப்பு வெந்துவிடும், விறகும் குறையும்.

அடுத்து விறகு. கவ்வாத்து மிலாறோ கிளிரிசீடியாக் கிளையோ, வெட்டிய கையோடு அடுப்பில் செருகாதீர்கள். பிளந்து, மழைச்சாரல் படாத இறவாரத்தில், தரையில் ஒட்டாமல் காற்றோட அடுக்குங்கள். வெட்டு முகத்தில் வெடிப்பு ஓடி, ஒன்றோடொன்று தட்டும்போது ‘டங்’கென்று கேட்டால் காய்ந்துவிட்டது. ‘தொப்’பென்று கேட்டால் இன்னும் பொறுங்கள். அடுப்புக்கு மேலே புகைபோக்கி வைக்க வசதியில்லையென்றால், சுவரின் உச்சியில் இரண்டு செங்கல்லையாவது எடுத்துவிடுங்கள். அம்மாவை வைத்தியரிடம் காட்டவும் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி (இளம் தாய், வத்தேகம): மழை இரவில் குழந்தைக்குக் குளிருமென்று கரிச்சட்டியை அறைக்குள் வைத்து ஜன்னலைச் சாத்துகிறோம். புகையே இல்லை. பரவாயில்லைதானே?

பதில்: புகை இல்லாததுதான் ஆபத்து. எரியும் கரியிலிருந்து கார்பன் மொனொக்சைட் வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர்கள் அப்படியே எழும்பாமல் போய்விடுவார்கள். குழந்தைக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் போதும், மகளே. கரிச்சட்டியை இன்றே அறையை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள்.