வயித்துல விழுந்த பல்லி

ஏலே பேராண்டி, இங்கன வா. திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் பச்சைப் பிரண்டையக் கடிச்ச மாதிரி இருக்கு? குமட்டுதா? குமட்டாம என்ன செய்யும்! ஃப்ரிட்ஜுல மாவுச் சட்டிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கியே, அது எழுதுத பேனாவாலே? ஒடம்பு எளைக்கப் போடுத ஊசில்லா! ஆச்சி பாத்துட்டா.

நல்ல மருந்துதான், நான் இல்லேங்கல. சக்கரைக்காரன் நானு, டாக்டர் எழுதித் தந்தா நானும் போட்டுக்கிடுவேன். ஆனா அது உள்ள போயி என்ன செய்யுதுன்னு கேட்டியா? இரைப்பை வாசல்ல ஒரு காவக்காரன உக்கார வச்சுருது. தின்ன சோத்த அவன் லேசுல வெளிய விட மாட்டான். நீ என்ன செஞ்ச? ஊசி போட்ட மறுநாளே கல்யாண வீட்டுல ரெண்டு தட்டு பிரியாணி. மடைய அடைச்சுட்டுக் கொளத்துல தண்ணிய விட்டா எங்கலே போவும்? கரை மேலதான் ஏறும். கெணத்தடியில நீ விட்ட ஏப்பத்துக்கு, கூமுட்டை ஒடஞ்சுருச்சோன்னு ஆச்சி கோழிக்கூட்டப் போயிப் பாத்துட்டு வந்தா.

இந்த ரகத்துல மொத மருந்து எக்ஸெனடைட். 2005-ல அமெரிக்காவுல வந்துச்சு. அங்க பாலைவனத்துல கீலான்னு ஒரு வெசப் பல்லி. அது எச்சில்ல கண்ட சரக்கப் பாத்துத்தான் அதச் செஞ்சாங்க. அந்தப் பல்லி வருசத்துக்கு விரல் விட்டு எண்ணுத வேளைதான் திங்கும். பல்லி தொடங்கி வச்ச ரகத்து மருந்தக் குத்திக்கிட்டு, பன்னி மாதிரித் தின்னா ஆவுமா? தோள்ல பல்லி விழுந்தா காலண்டரப் பொரட்டிப் பலன் பாக்குதியே, வயித்துல விழுந்ததுக்குப் பாக்க வேண்டாமா?

பலன நான் சொல்லுதேன். நீ போடுத இந்த வெகோவி ஊசியச் சோதிச்சப்ப நூத்துக்கு 44 பேருக்குக் குமட்டல், 24 பேருக்கு மலச்சிக்கல். மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டவங்கள்லயும் 16 பேருக்குக் குமட்டிருக்கு. மனசு குமட்டுனாலும் வயிறு குமட்டும்லா!

அதனாலதான் கால் மில்லிகிராம்ல தொடங்கி, நாலு வாரத்துக்கு ஒரு படியா ஏத்தி, 2.4-க்குப் போக 16 வாரம் வச்சிருக்கான். மாசத்துக்குள்ள மாப்பிள்ளைக் கோட்டு பத்தணும்னு நீ மச்சுக்கு ஒரே தாவாத் தாவுனா, முட்டி பேராதா?

கொஞ்சமாத் தின்னு. நொறுங்கத் தின்னு. எண்ணெய்ப் பலகாரத்தத் தள்ளி வை. தண்ணி குடி. ஓயாம வாந்தி எடுத்தாலோ, வயித்துவலி முதுகுக்குப் பாஞ்சாலோ, சுக்குக் கசாயம் கேட்டு என்கிட்ட வராத; ஆஸ்பத்திரிக்கு ஓடு. கணையம் வீங்கிருக்கலாம்.

அந்த ஊசி என்னதான்லே சொல்லுது? "போதும், எந்திரி." இதத்தான் ஆச்சி இருவத்தஞ்சு வருசமா ஓசியில சொன்னா, நீ கேக்கல. இப்ப ஊசி காசு வாங்கிட்டுச் சொல்லுது. அதையாச்சும் கேளு.