கியூஆர் கோடும் குத்துக்கோடும்

கே: கணக்குப் புத்தகத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பகுதி வருகிறது. பரீட்சைக்கு வராது என்று எல்லாரும் தாண்டிவிடுகிறோம். சரியா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேனி)

ப: புத்தகத்திலேயே ருசியான இடத்தைத் தாண்டுகிறாய் அம்மா! அந்தப் பகுதியில் இருக்கும் கியூஆர் கோடு பல பாடங்களில் ஜியோஜீப்ராவைத் திறக்கும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001-ல் தொடங்கிய மென்பொருள் அது, மாணவர்களுக்கு இலவசம். முக்கோணத்தின் குத்துக்கோடுகள் சந்திக்கும் செங்கோட்டு மையத்தையே எடுத்துக்கொள். நோட்டில் கவராயமும் ஸ்கேலும் வைத்து வரைந்தால் ஒரு பாடவேளைக்கு ஒரு முக்கோணம். திரையில் ஓர் உச்சியைப் பிடித்து இழுத்தால் நூறு முக்கோணம். குறுங்கோண முக்கோணமாக இருக்கும்வரை மையம் உள்ளேயே நடமாடும். ஒரு கோணம் 90° ஆனதும் அந்த உச்சியிலேயே போய் உட்காரும். மேலும் இழு, வெளியே ஓடிவிடும். ஏன் அந்த உச்சி? செங்கோணத்தைத் தாங்கும் இரண்டு பக்கங்களே குத்துக்கோடுகளாகிவிடுகின்றனவே, அவை வேறு எங்கே வெட்டும்! இழுக்கும் முன் மையம் எங்கே போகும் என்று ஊகித்து நோட்டில் குறித்துவை. ஊகம் தவறினால் இன்னும் நல்லது, யோசிக்க ஒரு காரணம் கிடைத்தது.

கே: வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது என்கிறான் பையன். தேர்வில் கோட்டை விடுகிறான்.
(ஒரு தாய், கரூர்)

ப: அவன் பார்த்தது இன்னொருவர் போட்ட கணக்கை. சல்மான் கான் 2004-ல் தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுத்ததில்தான் பாட வீடியோக்கள் தரும் கான் அகாடமியின் கதை தொடங்குகிறது. அங்கே கேள்வியும் பதிலும் இருபுறமும் ஓடின. வீடியோவில் அது இல்லை. நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். மணற்கேணி செயலியோ கான் அகாடமியோ, அடுத்த வரி வருமுன் நிறுத்தி, “இனி என்ன செய்வார்?” என்று கேளுங்கள். முடிந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டு அதே கணக்கைத் தாளில் போடச் சொல்லுங்கள்.

கே: கால்குலேட்டர் இருக்க வாய்ப்பாடு எதற்கு?
(ஏழாம் வகுப்பு மாணவன், மதுரை)

ப: 48 × 19-ஐத் தட்டும்போது விரல் தவறி 9,120 என்று வந்தால் உனக்குச் சந்தேகம் வர வேண்டாமா? 50 × 20-ஏ ஆயிரம்தானே!

கே: போட்டோமேத் செயலியில் கணக்கைப் படம் எடுத்து வீட்டுப்பாடத்தை முடித்துவிடுகிறாள் மகள். தடுக்கலாமா?
(ஒரு தந்தை, ஓசூர்)

ப: வரிசையை மாற்றுங்கள். முதலில் தாள், பிறகு செயலி. அது விடையோடு வழியையும் படிப்படியாகக் காட்டும். தன் வழி எந்த வரியில் பிரிந்தது என்று அவளே வட்டமிடட்டும்.

கே: பள்ளியில் ஒரே கணினி, இணையம் எப்போதாவதுதான் வரும். என்ன செய்ய?
(கணித ஆசிரியை, திருவண்ணாமலை)

ப: இணையம் வரும் நாளில் ஜியோஜீப்ராவை நிறுவிவிடுங்கள், பிறகு இணையம் இல்லாமலே இயங்கும். ஒரே கணினி என்பது வகுப்புக்கு நல்லதுகூட. நீங்கள் சுட்டியைத் தொடாதீர்கள். செங்கோட்டு மையம் முக்கோணத்துக்கு உள்ளே இருக்கும் என்பவர்கள் ஒரு பக்கம், வெளியே என்பவர்கள் மறுபக்கம் நிற்கட்டும். காரணம் சொல்லிச் சண்டை போடட்டும். கடைசிப் பெஞ்சுப் பிள்ளை வந்து உச்சியை இழுக்கட்டும்.