ஒரு ஸ்டாப் கூட்டு

தென்காசியில் நான் கேமரா பிடிக்கத் தொடங்கிய 1980களின் கடைசியில், போட்டோகிராபி பத்திரிகை என்றால் கையில் கிடைத்ததுதான். எது நல்லது, எதற்குச் சந்தா கட்டலாம் என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க வழியும் இல்லை. அமெரிக்காவின் ‘பாப்புலர் போட்டோகிராபி’, ‘மாடர்ன் போட்டோகிராபி’, பிரிட்டனின் வார இதழான ‘அமெச்சூர் போட்டோகிராபர்’ எல்லாம் அட்டை கிழிந்து, மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் பிந்தித் திருநெல்வேலிப் பழைய புத்தகக் கடைகளுக்கு வந்து சேரும். அமெரிக்க இதழ்களின் பின்பாதி முழுக்கத் தபாலில் பொருள் அனுப்பும் கடைகளின் விளம்பரம். பொடி எழுத்தில் லென்ஸ் பெயரும் டாலர் விலையும். அதையும் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறோம்.

ரத வீதியை ஒட்டி ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு அண்ணாச்சிதான் எங்களுக்கு நூலகம். இதழ்களை மரப் பீரோவில் பாச்சை உருண்டை போட்டு அடுக்கியிருப்பார். கொண்டுபோகிறவன் அதிலிருந்து ஏதாவது ஒன்றைச் செய்து பார்த்து, பிரிண்ட் போட்டுக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. எட்டாவது வரைதான் படித்தவர். கல்லூரிப் பையன் எவனாவது ஆங்கிலக் கட்டுரையை வாசித்துத் தமிழில் சொல்வான். அவன் சொல்லி முடிப்பதற்குள் படத்தைப் பார்த்தே பாதியை இவர் சொல்லிவிடுவார். “வெளிச்சம் இடப்பக்க ஜன்னல்ல இருந்து மட்டுந்தான் வருது. வேற லைட்டு போடல. மூக்கு நிழலப் பாரு” என்பார். கட்டுரையும் அதையேதான் சொல்லியிருக்கும்.

ஒரு டிசம்பர் இதழில் பனிப்பொழிவைப் படமெடுப்பது பற்றி நீளமாக ஒரு கட்டுரை வந்திருந்தது. “இது நமக்கு எதுக்கு அண்ணாச்சி? இங்க ஏது பனி?” என்று வாசித்துக்கொண்டிருந்தவன் இதழை மூடப் போனான்.

“ஏல, பனிய விடு. வெள்ளைக்கு என்ன சொல்லுதான்னு படி. அருவி வெள்ளையா இல்லையா?”

லைட் மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குச் சொல்லும். ஃபிரேம் முழுக்கப் பனி இருந்தால், அதன் பேச்சைக் கேட்டு எடுத்த பனி சாம்பலாக விழும். மீட்டர் சொல்வதற்கு மேல் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டி வெளிச்சம் விட வேண்டும். பனிக்குச் சொன்ன இந்தக் காரணம், சீசனில் பொங்கி விழும் குற்றாலப் பேரருவிக்கும் அப்படியே பொருந்தும். ஜூனில் சாரல் தொடங்கியதும், ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோலைப் போட்டுக்கொண்டு போனோம். கேமராவைப் பாலித்தீன் பையில் சுற்றி, லென்ஸ் எட்டிப் பார்க்க மட்டும் ஓட்டை. நின்ற இடத்திலிருந்து அசையாமல், மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று. ராத்திரியே கழுவி, இரண்டு நெகட்டிவுக்கும் ஒரே பேப்பர், ஒரே நேரம் வைத்து பிரிண்ட் போட்டார் அண்ணாச்சி. முதல் படத்தில் அருவி கஞ்சித்தண்ணி நிறத்தில் இருந்தது. பாறை வெறும் கறுப்பு. இரண்டாவதில் தண்ணீர் வெள்ளையாகவும் இழை இழையாகவும் தெரிந்தது. பாறையின் ஈரம்கூட மினுங்கியது. சிவப்பு விளக்கின் கீழ் ட்ரேயில் அது மெல்ல எழுந்து வந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்றும் குறையவில்லை.

அருவியையே அட்டையில் போட்டு வந்த இதழ்களும் இருந்தன. அவற்றில் ஒரே செய்முறைதான் திரும்பத் திரும்ப வரும்: ட்ரைபாடில் கேமராவை வை, அப்பர்ச்சரைச் சின்னதாக்கு, ஒரு செகண்ட் ஷட்டரைத் திற, தண்ணீர் பட்டு மாதிரி வழுவழுப்பாக வரும். அந்த அருவிகளில் ஆள் கிடையாது. குற்றாலத்தில் ஆள் இல்லாத அருவி ஏது? மேலிருந்து வரும் தண்ணீர் பொங்குமாங்கடலில் விழுந்து வேகம் தணிந்து இறங்குவதால்தான் அதன் கீழே தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருப்பவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தயங்கி நிற்பவர்கள் என்று இங்கே அருவி முழுக்க மனிதர்கள். ஒரு செகண்ட் ஷட்டரைத் திறந்து வைத்தால் அவர்கள் புகையாகிவிடுவார்கள். அந்த நெரிசலில் ட்ரைபாடை விரிக்கவும் இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குளிக்கிறவர்களை எடுக்கலாமா, யாரைக் கேட்டு எடுப்பது, பெண்கள் பக்கம் லென்ஸைத் திருப்பாமல் அந்த இடத்தை எப்படிக் காட்டுவது என்ற கேள்விகள்தான் இங்கே முதலில் வரும். அவற்றைப் பற்றி அந்த இதழ்களில் ஒரு வார்த்தை இருக்காது. அருவிக்குப் பக்கத்தில் வாழும் எங்களுக்கு அருவிக் கட்டுரையைவிடப் பனிக் கட்டுரைதான் அதிகம் கற்றுக் கொடுத்தது. அது காரணத்தைச் சொன்னது, காரணம் ஊர் விட்டு ஊர் வரும். பத்திரிகையை எடைபோட இதைவிட நல்ல படிக்கல் இன்றுவரை எனக்கு அகப்படவில்லை.

‘ஏசியன் போட்டோகிராபி’யும், 1997இல் தொடங்கிய ‘பெட்டர் போட்டோகிராபி’யும் கைக்கு வந்தபோதுதான் நம் ஊர்ப் பிரச்சினைகள் அச்சில் வரத் தொடங்கின. குற்றாலச் சீசனில் கேமராக்காரனின் முதல் எதிரி லென்ஸில் படரும் பூஞ்சை. சாரலில் நனைந்த கேமராவைத் தோல் உறையில் மூடி வைத்தால், சீசன் முடிவதற்குள் கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி வலை போல வெள்ளை நூல் ஓடியிருக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும் என்பதை இந்திய இதழ்கள் மழைக்காலந்தோறும் எழுதின. கல்யாண வெளிச்சத்தைப் பற்றியும் எழுதின. மணமேடைக்குப் பின்னால் பளிச்சென்ற துணி, முன்னால் ஹோமப் புகை, வீடியோக்காரரின் மஞ்சள் விளக்கு, இதற்கு நடுவே தாலி கட்டும் அந்த ஒரு நொடி. இதில்தான் தென்காசி ஸ்டூடியோக்காரர்கள் வயிறு வளர்த்தார்கள்.

தொழிலாக எடுக்கிறவருக்கு இன்னொன்றும் தேவை. நாங்கள் படித்த அமெரிக்க இதழ்கள், படம் எடுத்தவருக்கே பதிப்புரிமை என்று எழுதும். அந்த நாட்டுச் சட்டப்படி பொதுவாக அது சரி. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் வேறு விதமாகச் சொல்கிறது. ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி எடுக்க வைத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் அந்த வாடிக்கையாளர்தான். கல்யாணப் பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டுவது அன்று எல்லா ஊரிலும் வழக்கம். வீட்டார் வந்து சண்டை போட்டதையும் பார்த்திருக்கிறேன். வெறும் மரியாதைப் பிரச்சினை என்று பேசித் தீர்த்துவிடுவார்கள். சட்டமும் அந்த வீட்டார் பக்கம்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ‘தொழில்முறைக் கலைஞர்களுக்காக’ என்று அட்டையில் போட்டுக்கொள்ளும் எந்தப் பத்திரிகையும் இந்த ஊர்ச் சட்டத்தை, இந்த ஊர்க் கூலியை, எழுதி வாங்க வேண்டிய ஒப்பந்தத்தைப் பேசியாக வேண்டும். பேசாவிட்டால் தொழில்காரர் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

போட்டோகிராபி இதழுக்கு வெளியே இருந்த ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996இல் இறக்கும் வரை இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். பல பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அவருடைய யானைப் படங்கள் கறுப்பு வெள்ளைதான். யானை நிற்கும் காடும் அதில் சேர்ந்தே இருக்கும். லென்ஸ் விலைப் பட்டியலைப் புரட்டிய நேரத்தில் பாதியை அவர் எழுத்துக்குக் கொடுத்திருந்தால், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருந்த எங்கள் தலைமுறை இன்னும் நல்ல படங்களை விட்டுச் சென்றிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்போது தென்காசி தனி மாவட்டம், 2019இலிருந்து. ஸ்டூடியோக்களில் மிரர்லெஸ் கேமரா, ட்ரோன், ஆல்பம் வடிவமைக்கத் தனி ஆள். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு ஜோடிகள் விடிவதற்கு முன்பே குற்றாலம் கிளம்பிவிடுகிறார்கள். இல்லையென்றால் கேரள எல்லை தாண்டிக் கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்துக்கு. பத்திரிகைக்கும் பஞ்சமில்லை. எந்த நாட்டு இதழும் வெளியான அன்றே போனில் திறக்கும். கிடைப்பது இவ்வளவு எளிதான அதே காலத்தில்தான் பெரிய பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றன. 1937இல் தொடங்கிய ‘பாப்புலர் போட்டோகிராபி’ 2017இல் அச்சை நிறுத்தியது. அமெரிக்கத் தொழில்காரர்களின் ‘போட்டோ டிஸ்ட்ரிக்ட் நியூஸ்’ 2020இல் மூடப்பட்டது. ‘அவுட்டோர் போட்டோகிராபர்’ 2023இல் நின்றது. கிழிந்த அட்டையோடு பார்த்துப் பழகிய பெயர் ஒன்று நிற்கும்போது எனக்கு வீட்டுத் துக்கம் போலத்தான் இருந்தது.

1854இல் லிவர்பூலில் பிறந்த ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் போட்டோகிராபி’யும், 1952இல் ஆன்செல் ஆடம்ஸ், டோரத்தியா லாங்கே, மைனர் ஒயிட் முதலானோர் தொடங்கிய ‘அப்பர்ச்சர்’ இதழும் காலத்தைத் தாண்டி வந்திருக்கின்றன. இவற்றில் முதலில் சொன்ன பிரிட்டிஷ் பத்திரிகையில்தான் 1860களில் சாமுவேல் பார்ன் தன் இமயமலைப் பயணங்களைத் தொடராக எழுதினார். கண்ணாடித் தகடுகளைச் சுமையாள்களைக் கொண்டு சுமக்க வைத்துப் போன பயணங்கள். அமெரிக்காவின் ‘லென்ஸ்வொர்க்’ விளம்பரமே வாங்காது, கருவி விமரிசனமும் போடாது. அதன் கறுப்பு வெள்ளை அச்சைப் பார்த்தாலே பிரிண்ட் எப்படி இருக்க வேண்டும் என்பது பிடிபடும். போன் திரையில் அது பிடிபடாது. நிழலுக்குள் இருக்கும் விவரம் திரைக்குத் திரை மாறும். ஏதாவது ஒரு பத்திரிகையையாவது தாளில் வாங்குங்கள் என்று கேட்கிற எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

இலஞ்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணப் படம் எடுப்பவள், தொழிலில் நல்ல பெயர். “எதுக்கு சார் சந்தா கட்டலாம்?” என்றாள். சில இதழ்களை எடுத்துப் போட்டு, நடுவில் திறந்து பார்க்கச் சொன்னேன். கருவிக்கு எத்தனை பக்கம், படத்துக்கு எத்தனை பக்கம். படத்துக்குக் கீழே வெறும் எஃப் எண்ணும் ஷட்டரும் இருக்கிறதா, ஏன் அங்கே நின்றார் என்றும் இருக்கிறதா. வாசகர் படத்தை விமரிசிக்கிறவர் எல்லாவற்றையும் அருமை என்கிறாரா, இந்தப் படம் தேறவில்லை என்று காரணத்தோடு சொல்லும் தைரியம் இருக்கிறதா. பகட்டான அட்டைகளை அவள் சீக்கிரமே ஒதுக்கிவிட்டாள். கடைசியில் அவள் கையில் நின்றது, ஒரே தெருவைப் பல வருடம் எடுத்த ஒருவரின் படங்கள் வந்திருந்த இதழ்.

“இதுல செட்டிங் எதுவும் போடலையே சார்” என்றாள். பிறகு அவளே, “ஆனா இவர் யார்கிட்டயும் ஒளிஞ்சு நின்னு எடுக்கல. எல்லாரும் அவரப் பாத்துதான் நிக்காங்க” என்றாள்.

அதே சீசனில் குற்றாலத்தில் ஒரு தொடர் எடுக்கத் தொடங்கினாள். அருவியே வராத தொடர். மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து விற்கும் பெண்கள், எண்ணெய் தேய்த்து விடுகிறவர்களின் கைகள், ஐந்தருவியில் பெண்கள் வரிசைக்கு வெளியே மாற்றுத்துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாட்டிகள். ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் எடுக்கிறாள். எடுத்தவர்களுக்கு ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அருவி இல்லாமல் குற்றாலமா என்று அவளோடு எனக்கு வாக்குவாதம் நடக்கிறது. அவள் விடுவதாக இல்லை.

இப்போது அவளும் இன்னும் சில ஸ்டூடியோக்காரர்களும் பங்கு போட்டு ஒரு வெளிநாட்டு இதழுக்கும் ஒரு இந்திய இதழுக்கும் வருடச் சந்தா கட்டியிருக்கிறார்கள். விமரிசனப் பக்கத்தையும் ஒப்பந்தம் பற்றிய கட்டுரைகளையும் மாதாமாதம் தமிழில் எழுதித் தரும் வேலை என்னுடையது. முதல் மாதத்துக்கானது பாதி முடிந்திருக்கிறது.