வரையாத படத்துக்கு ஒருசந்தி

ஏல மருமவனே, இந்தத் தவக்காலம் முடியுத வரைக்கும் படம் வரையிறதையே ஒறுத்தாச்சுன்னு உங்க அத்தைகிட்ட சொன்னியாமே? கேட்டதும் எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. பொறவுதான் கணக்குப் பாத்தேன். போன வருசக் குருத்தோலை காஞ்சு, எரிஞ்சு, சாம்பலாயி, விபூதிப் புதனுக்கு உன் நெத்திக்கே வந்துட்டு. அந்த ஓலை பச்சையா இருக்கையில நீ சட்டத்துல அடிச்ச துணியில ஒரு மூக்கும் பாதிக் காதும் அப்படியே நிக்கி. இல்லாத கெடாயக் கோயிலுக்கு நேந்து விடுதியோ?

உன்னச் சொல்லிக் குத்தமில்ல, என் ஒறுத்தலும் அந்த லெச்சணந்தான். எனக்கு 60 தாண்டுனதால ஒருசந்திக்கு விலக்கு. சுத்தபோசனத்துக்கு விலக்கு இல்ல. வெள்ளிக்கிழம ஆட்டுக்கறி இருக்க பக்கம் திரும்ப மாட்டேன். ஆனா அத்தை பொரிச்சு வைக்க சீலாத் துண்டு என் உள்ளங்கையவிடப் பெருசு. மீனு கறியில்லன்னு திருச்சபையே சொல்லிட்டு, நான் யாருல மறுத்துப் பேச?

நாப்பது நாளும் கோயில்ல அல்லேலூயாவத்தான் நிறுத்தி வைக்காவ. தூரிகைய யாரும் பிடுங்கலயே! வீரமாமுனிவரப் பாரு. 1680ல இத்தாலியில பொறந்த சாமியாரு, இங்க வந்து தமிழப் படிச்சு, 1726ல தேம்பாவணிய முடிச்சாரு. யாரப் பத்தி? சூசையப்பரப் பத்தி. நாலு சுவிசேசத்தையும் புரட்டு, அந்தத் தச்சரு வாயிலருந்து ஒரு வார்த்த கெடைக்காது. பேசாத மனுசனுக்கு 3615 பாட்டு! நீ டீக்கடையில கலையப் பத்திப் பேசுததெல்லாம் எழுதுனா அதவிட நீளும். துணியில மட்டும் அதே மூக்கு, அதே பாதிக் காது.

ஒறுக்கணும்னா வாய ஒறு. ரெண்டு கோடு போட்டதும் போன்ல பிடிச்சு அனுப்பிட்டு, எத்தன பேரு பாத்தாவன்னு ராத்திரி பூரா எண்ணுதியே, அத ஒறு. சிலுவைப்பாதையில ஆறாம் தலத்துல முழங்கால் போடையில நல்லாப் பாரு. வெரோணிக்கா ஆண்டவரு முகம் துடைக்கத் துணி குடுத்தா, முகம் பதிஞ்சிட்டு. ஓரத்துல அவ பேரு போட்டிருக்காளான்னு தேடு.

தேட முடியாதுன்னு வையி. நம்ம கோயில்ல அந்த ஆறாம் தலத்துப் படத்தக் கறையான் தின்னுட்டு. பலகை என் திண்ணையிலதான் கிடக்கு. பெரிய வெள்ளிக்குள்ள வரைஞ்சு குடு. கூலி கேக்காத. வேணும்னா வந்து சீலாவுல வால் துண்டு தின்னுட்டுப் போ. நடுத்துண்டு எனக்கு.