தொட்டுப் பாருய்யா டாக்டரு

வாய்யா பேராண்டி. எம்.பி.பி.எஸ். முடிச்சு போர்டும் மாட்டியாச்சு. காலையில இருந்து திண்ணையில உக்காந்து உன் வைத்தியத்தத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். வந்தவுக உக்காருமுன்னே ரத்தம், ஒண்ணுக்கு, எக்ஸ்ரேன்னு சீட்டைக் கிழிச்சு நீட்டிருத. வந்தது ஆம்பளையா பொம்பளையான்னாச்சும் நிமிந்து பார்த்தியா? லேப்காரன் உனக்குக் கோயில் கட்டுவான்யா, விசுவாசமுள்ள பய.

நான் வெறுங் கம்பவுண்டர். பெரிய டாக்டருமாரு பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்ததுதான் நம்ம படிப்பு.

காமாலைன்னு வந்தவனைக் குண்டு பல்பு வெளிச்சத்துல வச்சுப் பார்த்தியே, அதுல என்னத்தத் தெரியும்? வாசலுக்குக் கூட்டிட்டுப் போயி, கீழே பாக்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்கி வெள்ளை முழியைப் பாரு. முழி வெள்ளையா இருந்து உள்ளங்கை மட்டும் மஞ்சளிச்சிருந்தா, தினம் எத்தனை கேரட்டு, எத்தனை பப்பாளி திங்கான்னு கேளு. பாவம், ஈரல் மேல பழியப் போடாத.

கீழ் இமையை இழுத்தா உள்பக்கம் வெளுத்திருக்கா, ரத்தச்சோகை. நகம் நடுவுல பள்ளம் விழுந்திருந்தா இரும்புச்சத்துக் குறைச்சல். வெளுப்பு தெரியலைங்கிறதுக்காகச் சோகையே இல்லைன்னு எழுதிறாத; சந்தேகம் இருந்தா அப்ப அனுப்பு லேப்புக்கு, அவனும் பிழைக்கணும்ல.

இருமலோட பச்சப்பிள்ளை வந்தா கொஞ்சம் பொறுமை வேணும்யா. ஆத்தா மடியிலயே இருக்கட்டும். சட்டையத் தூக்கிவிட்டு, அழுகை அடங்கினப்புறம் ஒரு நிமிசம் முழுசா மூச்சை எண்ணு. நீ 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கிருத. பெருக்கல்ல நீ வாங்கின மார்க்கு எனக்குத் தெரியாதா? ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ளன்னா 50, ஒண்ணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40. அதுவோ அதுக்கு மேலயோ போனா நிமோனியாவ நினைச்சுக்கோ. மூச்சு இழுக்கையில கீழ்நெஞ்சு உள்வாங்குதா, விசயம் பெருசு. இதுக்கு வேண்டியது ரெண்டு கண்ணும் ஒரு கடிகாரமும். ரெண்டும் உங்கிட்ட இருக்கு. கடிகாரம் நான் வாங்கித் தந்தது.

அந்தக் குண்டுப் பையன் கழுத்துப் பின்னாடி கருகருன்னு தடிச்சிருக்கு. அழுக்குன்னு அவன் ஆத்தா பீர்க்கம் நாரை வச்சுத் தேய்ச்சே தோலை உரிச்சிட்டா. அது அழுக்கில்ல; பையனுக்குச் சர்க்கரை பார்க்கச் சொல்லுய்யா அவள.

நெஞ்சைத் தட்டிப் பார்க்க உனக்கு வெக்கமா இருக்கோ? அந்த வித்தைய 1761-ல வியன்னாவுல புத்தகமாப் போட்ட அவுன்புருக்கரு, சத்திரம் நடத்துனவரு மகன். அவரு தட்டலாம், நம்ம வீட்டுத் துரை தட்டக் கூடாதாக்கும்! நுரையீரல்ல காத்து இருந்தா கணகணங்கும். நெஞ்சுக்குள்ள தண்ணி கோத்திருந்தா மத்துன்னு கேக்கும்.

சரி, சொன்னது ஏறுச்சான்னு பார்ப்போம். இந்தா என் காலு. முன்னெலும்பு மேல கட்டை விரலை வச்சு நல்லா அமுக்கு. எடு. குழி விழுந்துச்சா? இல்லையா? இன்னும் கொஞ்சம் கீழே. அப்படித்தான். அந்தக் காலையும் பாரு. வீக்கமெல்லாம் ஒண்ணுமில்லைய்யா எனக்கு; நீ நிறுத்தாம அமுக்கு.