பீரங்கியில் தோற்று, அட்டையில் ஜெயித்தவர்கள்

1751 டிசம்பரில் ஆரணியில் ஒரு சண்டை. ஆற்காட்டு நவாப் நாற்காலி யாருக்கு என்ற தகராறு அது. ஒரு பக்கம் அந்த நாற்காலிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப். அவருக்கு முட்டுக்கொடுக்கப் பிரெஞ்சுக்காரர்கள். எதிர்ப் பக்கம், சில வருஷம் முன்புவரை கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ். துணைக்கு மராட்டியக் குதிரைப்படை. குமாஸ்தா ஜெயித்தார். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். பாடப்புத்தகம் இந்த இடத்தில் மணி அடித்துவிடும்.

ஆனால் ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீட்டுக்குள் இன்று எட்டிப் பாருங்கள். கீழே நெசவாளர் உட்கார்ந்திருப்பார். அவர் தலைக்கு மேலே பிரெஞ்சுக்காரர் உட்கார்ந்திருப்பார். ஜக்கார்டு பெட்டி! பீரங்கியால் பிடிக்க முடியாத ஊரை ஓட்டை போட்ட அட்டையால் பிடித்துவிட்டார்கள்.

இந்தப் பெட்டியின் வம்சாவளி கொஞ்சம் கோணல். பிரான்ஸின் லியோன் நகரத்தில் 1725-இல் பூஷோன் என்பவர் காகிதச் சுருளில் ஓட்டை போட்டுத் தறியை ஏவப் பார்த்தார். மூன்று வருஷத்தில் ஃபால்கன் என்பவர் சுருளை அட்டையாக்கினார். அடுத்து, தறியைத் தானாக ஓட வைக்கப் பார்த்தவர் வோகான்சோன். இவருடைய பெருமையெல்லாம் 1739-இல் செய்த ஓர் இயந்திர வாத்து: தானியம் தின்னும், கழியும். கழிந்தது தின்ற தானியம் அல்ல, முன்கூட்டியே உள்ளே வைத்த சரக்கு என்று பிற்பாடு குட்டு உடைந்தது. உலகின் முதல் போலி டெமோ! அதற்குள் அரசாங்கம் அவரைப் பட்டுத் தொழிலுக்கே இன்ஸ்பெக்டராக்கிவிட்டது. நெசவாளர்கள் கல்லால் அடித்தார்கள். அந்தக் கோபத்தில் தறியில் ஒரு கழுதையைக் கட்டி நெய்து காட்டினார் என்றும் ஒரு கதை உண்டு.

மூன்று பேருடைய யோசனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, 1804-இல் ஓட வைத்தவர் ஜக்கார்டு. பெயர் அவருக்கு, நெப்போலியன் தயவில் பென்ஷனும் அவருக்கு. மற்ற மூவருக்கும் மேலே ஒரு பத்தி.

வேலை இதுதான். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி நுழையும், கொக்கி தூக்கும், பாவு நூல் மேலே எழும். ஓட்டை இல்லையா, நூல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். உண்டு, இல்லை. ஒன்று, பூஜ்யம். இது வருவதற்கு முன் தறியில் கயிறு இழுக்க ஒரு பொடியன் வேண்டும். நம் பக்கம் டிசைனுக்கு நூலால் அடை கட்டி நெய்தபோதும் ஒரு துணை ஆள் வேண்டும். ஆட்டோமேஷனில் முதலில் வேலை போனது அந்தப் பொடியனுக்கு.

பிறகு லண்டனில் சார்லஸ் பாபேஜ். தெருவில் வாத்தியம் வாசிப்பவர்களோடு சண்டை போட்டது போக மிச்ச நேரத்தில் கணக்குப் போடும் இயந்திரம் யோசித்தார். அவர் வீட்டில் ஜக்கார்டின் படம் ஒன்று இருந்தது. அச்சடித்த படம் என்றே வந்தவர்கள் நினைத்தார்கள். சுமார் 24,000 அட்டைகளை ஓட்டி நெய்த பட்டு அது. அதே அட்டையைத் தன் இயந்திரத்துக்கும் எடுத்துக்கொண்டார். அதற்கு முந்தைய இயந்திரத்திலேயே அரசாங்கப் பணம் 17,000 பவுண்டு கரைந்திருந்தது. இரண்டையுமே அவர் முடிக்கவில்லை. சாஃப்ட்வேர் டெட்லைன் என்ற மரபு இப்படித்தான் பிறந்தது.

அவர் தோழி ஏடா லவ்லேஸ் 1843-இல் அந்த இயந்திரத்தைத் தறியோடு ஒப்பிட்டு விளக்கி, அதற்கு ஒரு புரோகிராமும் எழுதினார். கணக்கில் புலி, குதிரைப் பந்தயத்தில் கடனாளி. மாசக் கடைசியில் கையைப் பிசையும் ஐடி ஊழியர் குலதெய்வமாக வைத்துக் கும்பிட வேறு ஆள் தேட வேண்டாம்.

1890-இல் ஹாலரித் என்பவர் அமெரிக்காவின் மக்கள்தொகையை அட்டையில் குத்தி எண்ணினார். அவர் கம்பெனி வேறு சிலவற்றோடு சேர்ந்து, 1924-இல் ஐபிஎம் என்று பெயர் வைத்துக்கொண்டது. 1928-இல் அது கொண்டுவந்த அட்டைக்கு 80 நெடுவரிசை. ஒரு வரிக்கு 80 எழுத்து என்று இன்றும் சிலர் புரோகிராம் எழுதுவது அந்த அட்டைக்குச் செய்யும் திவசம்.

இத்தனையும் நடந்த பிறகு, ஆரணி அப்பா மகனைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: “இந்தத் தறி எங்களோட போகட்டும்டா. நீ கம்ப்யூட்டர் படி.” பையனும் சென்னைக்குப் போய், ஏசி அறையில் உட்கார்ந்து, அப்பா பார்த்த அதே ஒன்று-பூஜ்ய வேலையைப் பார்க்கிறான். அப்பாவின் தறியில் கடைசி அட்டையை முதல் அட்டையோடு கோத்துவிட்டால், பூ திரும்பத் திரும்ப விழும். இதற்கு லூப் என்று பெயர் வைத்துப் பையனுக்கு ஃபீஸ் வாங்கிக்கொண்டு பாடம் நடத்துகிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம், பையன் தப்பு செய்தால் அடுத்த வெர்ஷனில் சரி செய்யலாம். அட்டை மாறிக் கோத்தால் மயிலின் கழுத்து முந்தியில் முறிந்துதான் நிற்கும். ஜரிகையில் ‘அன்டூ’ கிடையாது.

வாத்து விட்டவர், பென்ஷன் வாங்கியவர், முடிக்காமல் போனவர், கடன் வைத்தவர் என்று நீளும் இந்தப் பரம்பரையில், முகூர்த்தத்துக்கு முன் சரக்கைக் கையில் கொடுப்பவர் நெசவாளர் ஒருவர்தான். கூலி குறைவும் அவருக்குத்தான். அடுத்த முறை ஆரணிப் பட்டு எடுக்கும்போது புடவையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். இந்த பார்டருக்கு எத்தனை அட்டை என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகும் மனசு வந்தால், தாராளமாகத் தள்ளுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.